முப்பதாவது கிலோமீட்டரில் இருந்தவர்கள்

— வரிசையா சொல்லு தம்பி. யார் யார் இருந்தீங்க?

— நான். மருமக. நம்ம மாப்பிள்ளை. எதிர்வீட்டு பல் டாக்டரம்மா. தெருமுனை தையல்காரர், அவரோட நாய். அவ்வளவுதான் அக்கா. நம்ம ஆளுங்க இதுக்கு மேல ஒருத்தரும் அங்க இல்லை. குறிச்சுக்கோ.

— உன் பொண்டாட்டி?

— அவ ஓடிக்கிட்டு இருந்தா. இருந்தவங்க கணக்குல அவ வரமாட்டா.

— நல்லா இருக்கு நியாயம்! நேத்து சாயங்காலம் என் வீட்டு மாடியில துணி எடுக்க வந்தவ சொல்றா, "உங்க தம்பி சம்சாரம் ஓடிட்டாங்களாமே"ன்னு. எனக்கு நெஞ்சே நின்னு போச்சு. அம்பத்தொம்பது வயசுல யாரோடடின்னு கேட்டேன். ஆறாயிரம் பேரோடங்கறா!

— ஆறாயிரத்துச் சொச்சம்.

— திருத்தம் வேற. பேரன் பேத்தி எடுத்தவ, முழங்காலோட நிக்கற டிரவுசரைப் போட்டுக்கிட்டு நடுரோட்டுல ஓடியிருக்கா. அப்பவே சொன்னேன், இந்தப் பொண்ணு வேணாம், கண்ணு ரெண்டும் வாசல்லயே இருக்குன்னு. கேட்டீங்களா? ஜெயில் சூப்பரண்டு வீட்டு அம்மா ரோட்டுல ஓடினா, புருஷன் துரத்தறான்னுதான்டா ஜனங்க நெனைப்பாங்க.

— முதல்ல நானும் என்னென்னவோ நெனைச்சேன். உட்காரு. ஆரம்பத்துல இருந்து சொல்றேன். நடுவுல பேசாதே.

— நான் எப்படா நடுவுல பேசினேன்?

— முப்பத்திரண்டு வருஷம் ஜெயிலைக் காத்தவன் நான். என் காலத்துல ஒரு கைதி சுவரேறித் தப்பினதா பதிவு உண்டா? கிடையாது. அப்படிப்பட்டவன் வீட்டுல இருந்து ஒருத்தி, எட்டு மாசமா விடியறதுக்கு முன்னாடி வெளிய போயிட்டு, நான் எழுந்திருக்கறதுக்குள்ள திரும்பி வந்திருக்கா.

— எட்டு மாசமா? உனக்குத் தெரியாமயா?

— எனக்குத் தெரியாம.

— அந்தத் தையல்காரனுக்கு?

— தெரியும். டிரவுசருக்குள்ள வீட்டுச் சாவி வைக்க ஒரு சின்னப் பை வச்சுத் தெச்சுக் கொடுத்ததே அவர்தான். பால் போடறவருக்குத் தெரியும். தெரு கூட்டறவங்களுக்குத் தெரியும். அந்த நாய்க்குத் தெரியும், ஒரு நாள் கூட குலைக்கலை.

— அட கஷ்டமே. காவக்காரனுக்கு மட்டும் தெரியலை.

— குத்தாதே. ஒரு நாள் தண்ணி மோட்டார் ஓடலைன்னு மாடிப்படிக்குக் கீழ குனிஞ்சேன். அங்க ஒரு ஜோடி ஷூ. அடியில புதுச் சேறு. உள்ள இன்னும் சூடு. சின்ன அளவு. பொடிசா எவனோ திருடன் வீட்டுக்குள்ள வந்து போறான்னு முடிவு பண்ணினேன்.

— கம்பை எடுத்திருப்பியே.

— எடுத்தேன். மறுநாள் விடியல்ல கதவுக்குப் பின்னாடி கம்போட நின்னேன். வந்தது அவ. ஷூவை மாட்டினா, முடிச்சை ரெண்டு தடவை போட்டா, தாழ்ப்பாள் சத்தமே இல்லாம வெளிய போனா. அந்தத் தாழ்ப்பாளுக்கு அவ எண்ணெய் போட்டு வச்சிருந்தா அக்கா. கைதிங்க செய்யற வேலை அது. நான் ஸ்கூட்டரை எடுத்தேன்.

— கட்டின பொண்டாட்டி பின்னாடியா போனே? வெக்கமா இல்லை?

— அது விசாரணை. விளக்கை அணைச்சுட்டு, தள்ளியே போனேன். பஸ் டிப்போவுல நிப்பான்னு பார்த்தேன். நிக்கலை. ஆஸ்பத்திரி வந்துச்சு, நிக்கலை. மேம்பாலம் ஏறினா. என் ஸ்கூட்டரே அந்த ஏத்தத்துல முனகுது. அவகிட்ட முனகல் இல்லை. தப்புத் தப்புன்னு காலடிச் சத்தம் மட்டும் ஒரே சீரா வருது. உச்சிக்குப் போனதும் எதிர்ல சூரியன் வந்துச்சு. அவ நிழல் நீளமா பின்னாடி வந்து என் சக்கரத்துக்குக் கிட்ட விழுந்துச்சு. அது மேல வண்டியை ஏத்த எனக்கு மனசு வரலை. பிரேக் போட்டேன்.

— ...

— என்ன, பேசலை?

— நடுவுல பேசாதேன்னியே. அப்புறம்?

— பெட்ரோல் தீர்ந்து போச்சு.

— என்னது?

— அவ ரொம்ப தூரம் போயிட்டா. அவ்வளவு தூரத்துக்கு நான் பெட்ரோல் போடலை. நடுப்பாலத்துல நிக்கறேன். அவ கண்ணுக்குத் தெரியாம போயி, திரும்பியும் வந்துட்டா. என்னைப் பார்த்தா. நிக்கக்கூட இல்லை. "என்னங்க, நான் முன்னாடி போய் டீ போடறேன், நீங்க மெதுவா தள்ளிக்கிட்டு வாங்க"ன்னுட்டுப் போயிட்டா.

— ...

— சிரிக்காதே.

— சிரிக்கலை. இருமல்.

— வேர்த்து வழிய வீட்டுக்கு வந்தா, டீ ஆறிப்போயிருக்கு. என்ன இதெல்லாம்னு கேட்டேன். மாரத்தான்னா. எவ்வளவு தூரம்னேன். நாற்பத்திரண்டு கிலோமீட்டர், அதுக்கு மேல ஒரு துண்டுன்னா. அந்தத் துண்டு எதுக்குன்னேன். "அது தெரியலைங்க, ஆனா அதையும் ஓடணுமாம்"னா. வேண்டாம், நம்ம குடும்பத்துக்கு இது அழகில்லைன்னு தீர்மானமா சொன்னேன்.

— அப்படிச் சொல்லு. அவ என்ன சொன்னா?

— "சரிங்க"ன்னா.

— நல்ல பொண்ணு.

— மறுநாள் காலையில ஷூவும் இல்லை, அவளும் இல்லை.

— அந்த "சரிங்க" எனக்கும் தெரியும்டா. இவ்வளவு வருஷமா அதே "சரிங்க"தான்.

— அப்புறம்தான் உட்கார வச்சு ஒரே ஒரு கண்டிஷன் போட்டேன். ஆறரை மணி நேரத்துல முடிக்கணுமாம். அதுக்கப்புறம் ரோட்டைத் திறந்துடுவாங்க, ஓடினதாவே கணக்கு இல்லை. "முடிக்கறதா இருந்தா ஓடு. பாதியில உட்கார்ந்து ஊரு சிரிக்க வைக்கறதா இருந்தா இப்பவே ஷூவை என் கையில கொடு"ன்னேன். அவ ஷூவைக் கொடுக்கலை.

— மாடியில என்ன சத்தம்? யாரு இறங்கறா?

— அவதான்.

— ஏன்டா முதுகைக் காட்டிக்கிட்டு பின்னாடி பின்னாடி இறங்கறா? ஏம்மா, என்ன ஆச்சு உனக்கு?

— வாங்க அண்ணி. முன்பக்கமா இறங்கினா தொடை பேச்சைக் கேக்க மாட்டேங்குது. இப்படி இறங்கினா ஏமாந்து போயிடுது.

— வந்து உட்காரு. ஐயோ, அந்தக் கால் நகம் எங்க?

— அது போன மாசமே கழண்டுடுச்சு அண்ணி. சோப்பு டப்பாவுல பத்திரமா இருக்கு.

— வலிக்கலையான்னு நானும் கேட்டேன் அக்கா. "ரெண்டு பெத்தவகிட்ட வந்து நகத்துக்கு அழச் சொல்றீங்களே"ன்னு என்னைத் திருப்பிக் கேக்கறா.

— எதுக்கும்மா இந்த வேலை? யாருக்கு என்ன நிரூபிக்கணும்?

— நிரூபிக்க ஒண்ணும் இல்லை அண்ணி. ஜெயில் குவார்ட்டர்ஸ்ல இருந்தப்போ எந்தப் பக்கம் நடந்தாலும் கொஞ்ச தூரத்துல சுவர் வந்துடும். நானும் திரும்பிடுவேன். அப்படியே பழகிப் போச்சு. இந்த வீட்டுக்கு வந்தப்புறம் ஒரு நாள் பால் வாங்கப் போனேன். கடை மூடியிருந்துச்சு. அடுத்த கடைக்குப் போனேன், அதுவும் மூடி. அப்படியே போயிட்டே இருந்தேன். ரோடு முடியவே இல்லை. யாரும் நிறுத்தவும் இல்லை. இந்த ரோடு எங்கதான் போகுதுன்னு பார்க்கலாம்னு தோணுச்சு. நடந்தா நேரம் ஆகும்னு ஓடினேன்.

— அவ்வளவுதானா?

— அவ்வளவுதான் அண்ணி. இந்த ஓட்டத்தைப் பத்தி பல் டாக்டரம்மா அப்புறமாத்தான் சொன்னாங்க. என்னங்க, மாத்திரை போட்டீங்களா?

— போட்டாச்சு. நீ போய் கீழ் ரூம்ல படு. படியேறாதே.

— சரிங்க.

— ... கதவைச் சாத்திக்கிட்டாளா? ஏறப்போறா பாரு. சரி, நீ சொல்லு. நேத்து என்ன நடந்துச்சு?

— முப்பதாவது கிலோமீட்டர்னு ஒரு பலகை வச்சிருந்தாங்க. அதுகிட்ட நின்னோம். அங்க ஒரு சுவர் வரும்னு பல் டாக்டரம்மா சொல்லியிருந்தாங்க.

— ரோட்டுக்கு நடுவுல எவன்டா சுவர் கட்டினான்?

— கண்ணுக்குத் தெரியாத சுவர். உடம்புல சேர்த்து வச்ச தெம்பெல்லாம் அந்த இடத்தோட தீர்ந்துடுமாம். கால் "போதும்"னு சொல்லிடுமாம். அதுக்கப்புறம் ஓடறது எதை வச்சு ஓடறாங்கன்னு ஓடறவங்களுக்கே தெரியாதாம். அதான் அங்க நின்னேன். சுவர்னா நான் இருக்க வேண்டாமா?

— அது சரி. உன் உத்தியோகமாச்சே.

— அங்க வந்தவங்களை நீ பார்த்திருக்கணும் அக்கா. தோள் மலை மாதிரி இருக்கற வாலிபன் விளக்குக் கம்பத்தைக் கட்டிப் பிடிச்சு அழறான். தலை நரைச்ச ஒருத்தர் ரோட்டோரம் உட்கார்ந்து, ஷூவைக் கழட்டி கையில வச்சுக்கிட்டு அதையே பார்த்துக்கிட்டு இருக்கார். ஒரு பொண்ணு தன்னைத்தானே திட்டிக்கிட்டே நடக்குது. வேதனைப்படற மனுஷங்களை நான் நிறைய பார்த்தவன். ஆனா எந்தக் குற்றமும் செய்யாம, யாரும் விரட்டாம, தானா வந்து இவ்வளவு வேதனையை வாங்கிக்கிட்டு, மறுபடி எழுந்து ஓடறவங்களை நான் பார்த்ததில்லை.

— அவ வந்தாளா?

— வரலை.

— ஐயோ.

— வெயில் ஏறிப்போச்சு. கூட்டம் கரைஞ்சுது. மருமக கடிகாரத்தைப் பார்க்கறதை விட்டுட்டா. பலகையைக் கழட்ட ஒரு ஆள் ஏணியோட வந்துட்டான். கொஞ்சம் பொறுப்பான்னேன். "யாராவது இன்னும் வரணுமா சார்"னான். என் வீட்டம்மா வரணும்னேன். அவன் ஏணியை ஓரமா சாத்திட்டு என் பக்கத்துல வந்து நின்னுக்கிட்டான்.

— நல்லா இருப்பான்.

— அப்புறம் வளைவுல வந்தா. சின்னச் சின்ன எட்டு. ஒரு குழந்தை நடந்தா அவளை முந்திடும். ஆனா அது ஓட்டம்தான் அக்கா, நடை இல்லை. உதடு அசையுது. முகத்துல வேர்வை காய்ஞ்சு உப்பு வெள்ளையா கோடு போட்டிருக்கு. உனக்கும் எனக்கும் இப்ப இருக்கற தூரத்துல என்னைத் தாண்டிப் போனா. பார்க்கலை.

— உன்னைக்கூடவா?

— எதையுமே. முப்பத்தேழு வருஷமா பார்த்த முகம். பிரசவத்துல பார்த்திருக்கேன், அவ அப்பா செத்தப்ப பார்த்திருக்கேன். நேத்து வந்த முகம் எனக்குத் தெரியாது. என் பதவி, என் பேரு, நான் போட்ட கண்டிஷன், எதுவும் அதுல இல்லை. கோபம் வந்திருக்கணும். வரலை. நான் நடந்தா ஆயிரம் பேர் ஒதுங்கி நின்ன காலம் உனக்குத் தெரியும். நேத்து நான் ரெண்டு எட்டு பின்னாடி போய் வழி விட்டு நின்னேன். யாரும் சொல்லலை. மலை நடந்து போனா வழி விட மாட்டோமா? அப்படித்தான்.

— அழுதியாடா?

— இல்லை. குறிச்சுக்கோ, இல்லை.

— சரி, இல்லை. கண்ணைத் துடை.

— காலையில கிளம்பறப்போ ஒண்ணே ஒண்ணு சொல்லியிருந்தேன். பின்னாடி என்ன சத்தம் கேட்டாலும் திரும்பாதேன்னு. கல்யாணம் ஆன நாள்ல இருந்து நான் சொன்னதை அவ முழுசா கேட்டது அந்த ஒண்ணுதான்.

— முடிச்சாளா இல்லையா? அதைச் சொல்லுடா, உசிரு போகுது.

— முடிச்சா. ரோட்டைத் திறக்கறதுக்குக் கயிறை அவுக்க ஆரம்பிச்சிருந்தாங்களாம். அவுத்தவன் இவளைப் பார்த்துட்டு கையை எடுத்துட்டானாம். நேரம் இருக்கும்போதே உள்ள வந்துட்டாளாம்.

— அப்படிப் போடு! என்னன்னு நெனைச்சே? நான் பார்த்து முடிச்ச பொண்ணுடா அவ.

— வேணாம்னு சொன்னேன்னியே இப்ப?

— வாயால சொல்லியிருப்பேன். மனசுல அப்பவே பிடிச்சுத்தான் இருந்துச்சு. ஆமா, அது என்ன "வந்துட்டாளாம்"? நீ அங்க இல்லையா?

— இல்லை. மருமக போன்ல சொன்னா.

— நல்லா இருக்கு நியாயம்! அவ்வளவு தூரம் போனவன் கடைசியில நிக்க வேண்டாமா? சரி, அது கிடக்கட்டும். நான் வந்த விஷயமே வேற தம்பி. டிரவுசர் கதையெல்லாம் சும்மா. உன் முகத்துக்கு நேரா கேக்கக் கூச்சமா இருந்துச்சு. இப்ப தைரியம் வந்துடுச்சு. அந்தத் துணி எடுக்க வந்தவ இன்னொண்ணும் சொன்னா. முடியாதவங்களை ஏத்திக்கிட்டு வர்றதுக்குப் பின்னாடியே ஒரு வண்டி வருமாமே. சூப்பரண்டு வீட்டு ஆளு முப்பதாவது கிலோமீட்டர் தாண்டினதும் குப்புற விழுந்து, ரெண்டு பேர் கையையும் காலையும் பிடிச்சு அந்த வண்டியில தூக்கிப் போட்டாங்கன்னு ஊரெல்லாம் பேச்சாம். எவ்வளவு பெரிய புழுகு! இப்பவே போய் அவ வாயை அடைக்கறேன். முழுப் பொய்யின்னு சொல்லிடட்டுமா?

— சொல்லாதே.

— ஏன்டா?

— செய்தி சரி. ஆள்தான் தப்பு. கூடவே ஓடலாம்னு அவ பின்னாடி இறங்கினது நான். வண்டியில ஏத்தினது என்னை.