கனமில்லாததாக ஒன்று

— இது கம்ப்யூட்டர் பெட்டி இல்ல தங்கச்சி, யானை. எதைப் போட்டாலும் இழுக்கும். நெனச்சா சினிமாவே எடுக்கலாம் இதுல.

— நான் சினிமா எடுக்கலைங்கண்ணா. வக்கீல் ஆபீஸுக்குப் பத்திரம் டைப் பண்றேன், வீட்டுல இருந்தே. கிரயம், தானம், பாகப்பிரிவினை, அவ்வளவுதான்.

— இன்னிக்குப் பத்திரம். நாளைக்குப் பிள்ளைங்க கேம் கேக்கும். அப்ப திரும்ப என் கடைப் படிதானே ஏறணும்? ஒரே தடவையில பெருசா எடுத்துடுங்க, தலைவலி விட்டுது.

— பிள்ளைங்க இல்லை. எது கனம் கம்மி?

— கனமா! சத்தியமா சொல்றேன் தங்கச்சி, ஸ்பீடு கேட்டு வாங்குவாங்க, மெமரி கேட்டு வாங்குவாங்க. எடை பாத்து வாங்குறது தக்காளிதான்.

— லேசானதா ஒண்ணு காட்டுங்கண்ணா.

— இந்தாங்க, கையில புடிச்சுப் பாருங்க. பஞ்சு. ஆனா டைப் அடிக்க மட்டும்தான் லாயக்கு, சொல்லிட்டேன்.

— அது போதும். முனையெல்லாம் கூரா இருக்கே?

— ஸ்டைலுங்க அது! இப்ப கத்தி மாதிரி இருந்தாத்தான் கை வைக்கிறாங்க.

— முனை மழுங்கினது வேணும்.

— ம்... ஸ்கூல் பசங்களுக்குன்னு வந்தது ஒண்ணு கிடக்கு. சுத்திலும் ரப்பர். பார்க்க சோப்பு டப்பா மாதிரி இருக்கும், பரவாயில்லையா?

— நல்லா இருக்கு. இதுக்கு வயர்?

— வீட்டைச் சுத்தி வர்ற அளவுக்கு நீளமா குடுத்திருக்கான். அதுல குறையே இல்ல.

— அவ்வளவு நீளம் வேணாம். கழுத்தைச் சுத்த எட்டாத மாதிரி, குட்டையா.

— என்ன சொன்னீங்க?

— குட்டையா இருக்கான்னு கேட்டேன்.

— ஏங்க, அவங்க கேக்கிறதை எடுத்துக் குடுங்களேன். எதுக்குத் துருவுறீங்க?

— நீ மூடிக்கிட்டு பில்லைப் பாரு. கல்லாவுல உக்காரவெச்சா கடையையே நடத்துவா எம் பொண்டாட்டி. நீங்க சொல்லுங்க தங்கச்சி. பழைய கம்ப்யூட்டர் என்னாச்சு?

— உடைஞ்சுடுச்சு.

— கீழ விழுந்தா?

— முதல்ல என் மேல. அப்புறம் கீழ.

— எவன் போட்டது?

— வீட்டுக்காரர். எனக்குச் சம்பளம் வர ஆரம்பிச்சதுல இருந்தே அவருக்கு ஆகலை. அன்னிக்கு வக்கீல் போன்ல ஏதோ சொல்ல, நான் சிரிச்சுட்டேன். மானிட்டரைத் தூக்கி அடிச்சார், புருவம் பிளந்துடுச்சு. ரத்தம் கண்ணுல இறங்கி ஒண்ணும் தெரியலை. வயரைப் புடுங்கிக் கழுத்துல சுத்தினது மட்டும் தெரிஞ்சுது. மாடியில இருக்கிறவங்க கதவை உடைச்சுட்டு வந்தாங்க. தையல் போட்ட டாக்டர் கேட்டப்ப, அலமாரி சாஞ்சுடுச்சுன்னேன்.

— த்தூ. அவனெல்லாம் ஒரு ஆளா? இந்த ரோட்டுல அவன் கண்ணுல படட்டும், முட்டியைப் பேத்துடுறேன். எனக்குக் கோவம் வந்தா நான் மனுசனே இல்ல தங்கச்சி, தெரியுமா?

— நீங்க அடிச்சா அதுக்கும் சேர்த்து எனக்குத்தாங்கண்ணா விழும்.

— அப்ப அம்மா வீட்டுக்குப் போயிடுங்களேன்.

— போனேன். பொறுத்துக்கன்னு சொல்லி அவங்களே கொண்டுவந்து விட்டுட்டாங்க. தனியா ஒரு ரூம் பார்த்து வெச்சிருக்கேன். அதுக்கு வாடகை குடுக்க இந்த வேலைதான் இருக்கு. இந்த வாரமும் பத்திரம் போகலைன்னா வக்கீல் வேற ஆளைப் போட்டுடுவார். நான் கிளம்புற வரைக்கும் வாங்குற பெட்டி என் மேல விழத்தான் செய்யும். விழுந்தாலும் நான் எந்திரிக்கணும், வேலையும் நிக்கக் கூடாது. அதுக்குத் தோதா ஒரு பெட்டி குடுங்க.

— அப்ப இதுதான் உங்களுக்கு. டைப் அடிச்சதை எதையும் இதுக்குள்ள வெக்காதீங்க, நெட்டுல போய் உக்கார்ற மாதிரி நான் செஞ்சு தர்றேன். இதை அவன் சுக்குநூறாக்கினாலும், வேற பெட்டியில திறந்து விட்ட வரியில இருந்து அடிக்கலாம்.

— அது பெரிய உதவிங்கண்ணா.

— உதவி என்ன உதவி. யானையை உங்க தலையில கட்டப் பார்த்தேனே, என்னைச் சொல்லணும். நான் பேரம் பேசாத ஆள் கிடையாது, ஆனா பொம்பளை மேல கை ஓங்குறவனைக் கண்டா வயிறு எரியுது. ஏய், தங்கச்சிக்கு லாபம் வெக்காம ஒண்ணுக்கு பில் போடு.

— ரெண்டு போட்டுட்டேங்க.

— ரெண்டா? இன்னொண்ணு யாருக்குடி?

— எனக்கு. நம்ம வீட்டுல நீங்க தூக்கி அடிக்கிறது ரொம்ப கனம், விலா எலும்பு இன்னும் சேரலை.