நடு வீட்டைத் திறந்த பொறியாளர்

துறைமுகத்துப் பெரிய கிரேன் சாய்ந்து விழுந்த வருஷம் அது. சர்க்கஸ் யானை ஒன்று தப்பி வந்து சந்தையில் முட்டைக்கோஸ் தின்றதும் அதே வருஷம்தான். இந்த இரங்கல் கூட்டத்து மேடையில் இருக்கும் நகராட்சி ஆணையர் அம்மா அவர்களே, கண் கலங்கி எதிரே இருக்கும் என் தெருக்காரர்களே! அந்த வருஷம்தான் நம் பொறியாளர் ஐயா இங்கே முதன்முதலாகக் கால் வைத்தார்.

அப்போது இதைத் தெரு என்று யார் சொன்னார்கள்? பாதி வீடு பூட்டு, மீதி வீடு ஒழுக்கு. மொத்தமாக இடித்துத் தரைமட்டமாக்க முடிவெடுத்தாயிற்று. அதற்கு அளவெடுக்க வந்தவர் அவர். அவர் வண்டியை ஓட்டி வந்தவன் இதே தெருக்காரனான நான். வந்தவர் அளவு நாடாவைச் சுருட்டிப் பையில் போட்டுவிட்டு, பூட்டுகளைத் தொட்டுப் பார்த்தார். “இந்த வீட்டுக்காரங்க ஏன் போனாங்க?” என்றார். அடடா, அதுவரை எந்த அதிகாரி அதைக் கேட்டார்!

சலவைக்கடை அக்காதான் பதில் சொன்னார். “பக்கத்து வீட்டப் பூட்டுனா கூரை ஒழுகுது, நம்ம சுவரும் ஊறுது சார். அப்புறம் நாங்களும் கிளம்புறோம்.”

நடுத்தெருவில் ஆக மோசமாகக் கிடந்த வீட்டை முதலில் எடுத்தார் ஐயா. கொத்தனார் சிரித்தார். “முனை வீட்டப் பூசுனா நாலு பேர் பாப்பாங்க. நடுவுல பூசி யாருக்குக் காட்ட?”

“கூடையில அழுகுன தக்காளிய விட்டுட்டு, நல்லதத் தொடைச்சுக்கிட்டு இருப்பியாய்யா?”

கொத்தனார் கரண்டியை எடுத்துக்கொண்டு நடு வீட்டுக்குள் போனார்.

அப்போதைய ஆணையர், மீசைக்காரர், இடிப்பு உத்தரவோடு வந்தார். பூசி முடித்திருந்த அந்த நடு வீட்டுக்குள் அவரும் ஐயாவும் கொத்தனாரும் சலவைக்கடை அக்காவும் போனார்கள். கதவு சாத்திக்கொண்டது. வெளியே எங்களுக்கு உயிர் போய் உயிர் வந்தது. திறந்ததும் ஆணையர் சொன்னார்: “இடிக்க வேணாம்!”

உள்ளே என்ன நடந்தது? ஐயாவைக் கேட்டேன். “நான் வாயே திறக்கலப்பா. எல்லாம் அக்காதான் பேசுனாங்க” என்றார். அந்தப் பெருமையில் ஒரு துளியைக்கூடத் தன் பக்கம் சேர்த்துக்கொள்ளாத மனிதர்! அக்காவோ இன்றுவரை சிரித்தே மழுப்புகிறார்.

இப்போது பின்தெருவுக்கும் இடிப்பு உத்தரவு வந்திருக்கிறது. ஐயா பாதியில் விட்டுப்போன வேலை அது; நாங்கள் விட மாட்டோம். அங்கேயும் நடு வீட்டுக்குக் கூரை போட்டுவிட்டோம். அம்மா, கையெழுத்துப் போடுமுன் ஒருமுறை உள்ளே வந்து பாருங்கள். உங்களோடு யார் வருவது? அன்று உள்ளே போன நாலு பேரில் மீசைக்காரர் காலமானார். கொத்தனார் போனார். ஐயாவும் போய்விட்டார். மிச்சம் இருப்பவர் இதோ, முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்: எங்கள் சலவைக்கடை அக்கா.