ஓட்டலுக்குப் போகும் சோறு

அமாவாசைக் காலை. செஞ்சியில் ஏறிய மேல்மலையனூர் பேருந்தில், என் முன்சீட்டுக்காரர் மடியில் வாழையிலைப் பொட்டலம் இருந்தது.

“நைனாவுக்குச் சோறு. ஓட்டலுக்கு எடுத்துனு போறேன்” என்றார் பக்கத்திலிருந்த நண்பரிடம்.

“உங்க நைனாவும் இல்ல, அந்த ஓட்டலும் இல்லியேப்பா. லாட்ஜாச்சு, மண்டபமாச்சு, இப்ப ஸ்கேன் சென்டரு.”

“வூட்டு மாடியில படைச்சா எந்தக் காக்காவும் தொடமாட்டுது. அங்க, அவரு பரோட்டா போட்ட எடத்துல, ஒத்தக் காக்கா காத்துனு இருக்குது. அது தின்னதும் அம்மாவுக்குப் போன் பண்ணுவேன்.”

“அதுவரைக்கும் அம்மா பட்டினியா?”

“ஆமா. நைனா இருந்தப்பவும் ‘நான் சாப்ட்டேன், நீ சாப்டு’ன்னு தினம் ஓட்டல்லேர்ந்து போன் வந்தாதான் சாப்டும். போன அமாவாசைக்கு பஸ் லேட்டு. நான் போய்ச் சேர்றதுக்குள்ள அம்மா சாப்ட்டு முடிச்சிடுச்சு. ஓட்டல்லேர்ந்து போன் வந்துச்சாம்.”