கேனில் கிடந்த டீசல்

பெரம்பலூரிலிருந்து அரியலூர் போகும் பஸ். என் முன் சீட்டில் ஒரு விவசாயி, பக்கத்திலிருந்த ஆயில் இன்ஜின் மெக்கானிக்கிடம் கேட்டார்.

“தம்பி, நாலு வருஷமா கேன்ல கெடந்த டீசல இன்ஜின்ல ஊத்தலாமா?”

“அடியில தண்ணியும் கசடும் நிக்கும்ணே. மேலாப்புல எடுத்து வடிகட்டி ஊத்துங்க.”

“வேட்டியில வடிகட்டிட்டேன்.”

“நெறம் எப்படி?”

“கடுங்காப்பியாட்டம்.”

“அப்ப வேணாம்ணே. அடைச்சிக்கிட்டு நின்னுடும்.”



“காலையில ஊத்தி ஓடவிட்டுட்டுத்தான் பஸ் ஏறினேன். மக்காச்சோளத்துக்குத் தண்ணி பாயுது. வூட்டுக்காரிய காவலுக்கு வச்சிருக்கேன்.”

மெக்கானிக் தன் போனை நீட்டினார். “ஓடுதான்னு கேளுங்க.”

விவசாயி நாலைந்து தடவை உரக்கக் கேட்டுவிட்டு, தெளிந்த முகத்தோடு போனைத் திருப்பிக் கொடுத்தார்.

“இன்ஜின் சத்தத்துல ஒண்ணுமே கேக்கலன்னு கத்துது, தம்பி.”