கயிற்றில் மூன்று ஜோடி

கதவ இழுத்துச் சாத்துங்கப்பா. டேய் ரைடார், கையுறைய கயித்துல காயப்போடாம ஏன் மடியிலயே வச்சிருக்க? சரி, இருக்கட்டும்... கதையக் கேளு.

பகல் பன்னெண்டு மணி. ஆனா கும்மிருட்டு... வட துருவத்துக்கிட்ட ஸ்பிட்ஸ்பெர்கன் தீவுல குளிர்காலம்ல. வடக்க புது வழி தேடிப் போன கப்பல், பனிக்கட்டி நெருக்கி நொறுங்கிப் போச்சு. தப்பிச்சது மூணே பேர். அங்கேருந்து கரைக் குடிசைக்கு ஒத்தையடிப் பாதை. அதுல ரெண்டு பேர் ஒரு பொணத்த இழுத்துட்டு வர்றாங்க. ஒருத்தர் தோர்கெர், நம்ம ஹால்வர் தாத்தாவோட அண்ணன். இன்னொருத்தன் ஐவின்ட், சின்ன வயசு. செத்தவன் ஷூர். உடைஞ்ச கப்பல்ல வெறகுக்குப் பலகை எடுக்கப் போனவன், அங்கயே விழுந்து செத்துட்டான்.

மண்ணு இரும்பா உறைஞ்சு கெடக்கு, எங்க தோண்டறது? பாய்த்துணியில வச்சுத் தைச்சு, கரடிக்கு எட்டாம கூரை மேல ஏத்திட்டாங்க. அவனோட கம்பளிக் கையுறைய மட்டும் கழட்டி, அடுப்புக்கு மேல கயித்துல தொங்க விட்டாங்க. நம்ம வழக்கம்தானே... ஆளு மண்ணுக்குள்ள போற வரைக்கும் அத எடுக்கக் கூடாது.

ஒரு நாள் முழிச்சுப் பாத்தா, அந்தக் கையுறையிலேருந்து அடுப்பு மேல தண்ணி சொட்டுது. ஸ்ஸ்... ஸ்ஸ்... ஈரக் கம்பளி நாத்தம். வெளிய பெட்டியில வச்சிருந்த சீல், அதான் கடல்நாய் இறைச்சி, குறைஞ்சிருக்கு. வேற கப்பல் வர்ற வரைக்கும் அதுதான் அவங்களுக்கு உசுரு.

தோர்கெருக்குச் சந்தேகம் வராதா? பய நாம தூங்குனதும் போய்த் திங்கறான்... தன்னோடது நனைஞ்சா மாட்டிக்குவோம்னு செத்தவனோடத மாட்டிட்டுப் போறான். ஐவின்டுக்கோ இவர் மேல சந்தேகம். ரெண்டு பேரும் கத்தியோடதான் படுத்தாங்க. மறுபடியும் சொட்டுச்சு. மறுபடியும் இறைச்சி குறைஞ்சுது.

கடைசியில தோர்கெர் துப்பாக்கிய எடுத்துட்டார்.

"வெளிய போடா. திருடனோட ஒரே கூரைக்குக் கீழ படுக்க மாட்டேன்."

ஐவின்ட் கெஞ்சல. தன் கையுறைய மாட்டிக்கிட்டே கேட்டான்: "நான் போனப்புறமும் அது நனைஞ்சா என்னண்ணே பண்ணுவீங்க?"

கதவ உள்ளேருந்து தாழ் போட்டார். ரொம்ப நேரம் தட்டுற சத்தம்... அப்புறம் அதுவும் நின்னு போச்சு. பாவம்யா அந்தப் பையன். என்னால இத நெனச்சா தாங்க முடியல.

இனி நிம்மதின்னு தன் கையுறைய தலைக்கு அடியில வச்சுட்டு அவர் அசந்து தூங்கிட்டார்.

ஸ்ஸ்... ஸ்ஸ்...

முழிச்சார். கதவுல தாழ் போட்டது போட்டபடி இருக்கு. கயித்துல ஷூரோட கையுறை, சொட்டுது. பக்கத்துல ஐவின்ட் மாட்டிக்கிட்டுப் போன ஜோடி... அதுவும் சொட்டுது.

தலைக்கு அடியில தடவிப் பாத்தார். ஒண்ணும் இல்ல.

கயித்துல மூணாவதா அவரோடது தொங்குச்சு. அதுலதான் ஈரம் அதிகம்.