நாயுருவிக் கஞ்சி

நாயுருவி விதையைச் சேலையிலிருந்து எடுப்பதற்கு ஒரு பக்குவம் உண்டு, ஐயா. வெடுக்கென்று பிடுங்கினால் நூல் இழுத்துக்கொண்டு வந்துவிடும். விதை எந்தப் பக்கம் குத்தி நிற்கிறதோ அந்தப் போக்கிலேயே தள்ளி எடுக்க வேண்டும். மம்சாபுரத்தில் எங்கள் தெருவிலிருந்து பஸ் நிற்கிற இடத்துக்குக் குறுக்கே நடந்தால் இரண்டு பக்கமும் நாயுருவிதான். ஒன்பது வருடம் அந்த வழியாக ராஜபாளையத்துக்கு வேலைக்குப் போய் வந்திருக்கிறேன். ஒரு சேலைகூட வீணானதில்லை.

ஆரம்பத்திலிருந்து சொல்லச் சொன்னீர்கள். எனக்கு ஆரம்பம் இதுதான். எழுதுகிறவரைக் கொஞ்சம் நிதானமாக எழுதச் சொல்லுங்கள். எனக்கு ஒன்றும் அவசரமில்லை.

என் பெயர் அமிர்தவல்லி. வீட்டுக்காரர் பெயர் சோலைராஜ். மலையடிவாரத் தோப்புகளில் மாங்காய் பறிக்கிற வேலை அவருக்கு. எண்பத்தெட்டாம் வருடம் சித்திரையில் கிளை முறிந்து கீழே விழுந்தார். மதுரைக்குக் கொண்டுபோனோம். உயிர் தங்கியது, இடுப்புக்குக் கீழே ஒன்றும் தங்கவில்லை. இடுப்புக்கு மேலே பழைய ஆள்தான். அதே சிரிப்பு, அதே கிண்டல், அதே பசி. உட்கார்ந்தால் மூன்று தட்டுச் சோறு சாப்பிடுகிற மனிதர் அவர். மரம் ஏறுகிறவனுக்கு வயிறு ஒரு கிணறு என்று அவரே சொல்லுவார்.

பிள்ளை குட்டி இல்லை. அவரைப் பார்த்துக்கொள்ள நான் ஒருத்திதான். நான் வேலை பார்த்தது பேண்டேஜ் துணி சுற்றுகிற இடத்தில். ஆஸ்பத்திரிக்குப் போகிற துணி. வெள்ளை வெளேரென்று வரும், அதைச் சுருட்டி நீலக் காகிதத்தில் பொதிய வேண்டும். கையில் ஒரு கறை இருக்கக்கூடாது. காலையில் ஆறரைக்கு வீட்டை விட்டால் திரும்ப ஏழாகிவிடும். மத்தியானத்துக்குச் சோறும் குழம்பும் அவர் கைக்கு எட்டுகிற மாதிரி வைத்துவிட்டு, தெரு நாய் நுழைந்துவிடக்கூடாதென்று கதவை வெளியில் பூட்டிவிட்டுப் போவேன்.

சாப்பிட்டவர் சாப்பிட்டதோடு நிற்பாரா? அவருக்கு வருவது தெரியாது, போவது தெரியாது. நான் ஏழு மணிக்குக் கதவைத் திறக்கும்போது காலையிலிருந்து அதிலேயே கிடப்பார். அவரைப் புரட்டி, கழுவி, துணியை அலசி, தரையைத் துடைத்து, பிறகு உலை வைப்பேன். சலித்துக்கொண்டதில்லை. தெருவில் யாரைக் கேட்டாலும் சொல்லுவார்கள். அவர்தான் அழுவார். "ஒன்னையப் பீ அள்ள வச்சிட்டேனே வல்லி" என்று முகத்தை மூடிக்கொள்ளுவார். "சும்மா கெடங்க. நான் விழுந்திருந்தா நீங்க பாக்க மாட்டியளா?" என்பேன். மூன்று வருடம் அப்படியே ஓடியது.

உண்மையைச் சொல்லவேண்டும் என்றால் முழுதாகச் சொல்லிவிடுகிறேன். எனக்கு அருவருப்பாக இருந்தது. எத்தனை சோப்புப் போட்டாலும் கையில் அந்த வாடை இருப்பதாகவே தோன்றும். மத்தியானம் தூக்குச்சட்டியைத் திறக்கும் முன்னால் விரலை மோந்து பார்ப்பேன். ஒருநாள் பக்கத்தில் இருந்த பெண் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தாள். வேறு எதற்காகவோ இருக்கலாம். எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

எங்களோடு வேலை பார்த்த இசக்கியம்மாள்தான் நாயுருவியைப் பற்றிச் சொன்னாள். மழை முடிந்த மார்கழி. எல்லார் சேலையிலும் விதை ஒட்டியிருந்தது. அவள் ஒன்றை எடுத்து உள்ளங்கையில் கசக்கிக் காட்டினாள். "இதை லேசாவா நெனைக்கிய? மலையில இருந்த ஒரு சாமியாரு இதைத்தான் பால்ல வேகவச்சுக் குடிப்பாராம். ஒரு வாரத்துக்குப் பசியே எடுக்காதாம். வெளிக்கும் போக வேண்டாமாம்."

"அப்பம் ரேசன் கடைய மூடிற வேண்டியதுதான்" என்று ஒருத்தி சொல்ல, எல்லாரும் சிரித்தார்கள். அவர்கள் காதில் விழுந்தது முதல் பாதி. எனக்கு இரண்டாவது பாதி விழுந்தது.

விதை தின்பது எங்கள் குடும்பத்துக்குப் புதிதில்லை. என் அம்மாவுக்கு வன்னியம்பட்டி. மழை பொய்த்த வருடங்களில் பண்ணைக்கீரை விதையைத் தட்டி எடுத்து, வறுத்துக் கருப்பட்டி போட்டு இடித்துத் தருவாள். புளியங்கொட்டையை மணலில் வறுத்துத் தோல் உரித்து உப்புத் தண்ணீரில் ஊறப்போடுவாள். எங்களுக்கு அது பலகாரம். அதனால் நாயுருவியை எப்படிக் கையாளுவது என்று யாரும் எனக்குச் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. கதிரைத் துணியால் பிடித்து அடியிலிருந்து நுனிக்கு உருவ வேண்டும், இல்லாவிட்டால் விரலெல்லாம் குத்தும். இரண்டு வெயில் காயவைத்து, உரலில் அலுங்காமல் குத்தி, முறத்தில் புடைத்தால் உமி போய்விடும். தினையை விடச் சின்னதாக ஒரு அரிசி நிற்கும். ஒரு முறம் கதிருக்கு ஒரு கைப்பிடி தேறாது. அதை ஊறவைத்துப் பாலும் தண்ணீரும் கலந்து குழைய வேகவைத்து, ஒரு கல் உப்பு. வாசனை நன்றாகத்தான் இருக்கும். எவ்வளவு வேலை என்று பாருங்கள். வேண்டாத ஆளுக்கு யாராவது இப்படி மெனக்கெடுவார்களா?

முதல் நாள் ஒரு டம்ளர் அவருக்குக் கொடுத்துவிட்டு நானும் ஒரு டம்ளர் குடித்தேன். என்னவென்று தெரியாமல் கொடுக்கக் கூடாதில்லையா. பதினோரு மணிக்கெல்லாம் எனக்கு வழக்கம்போல வயிறு கிள்ளியது. தூக்குச்சட்டியைக் காலி பண்ணினேன். பெண்களுக்கு ஒத்துவராது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

அன்றைக்கு மத்தியானச் சோறு வைக்காமல் கிளம்பினேன். கதவருகே போகும்போது கேட்டார். "மத்தியானத்துக்கு ஒண்ணும் வைக்கலையாட்டி?"

"இதைக் குடிச்சாப் பசிக்காதாம்ங்க. வெளிக்கும் போகாதாம். ஒங்களுக்கும் சங்கடமில்ல."

செத்த நேரம் என் முகத்தையே பார்த்தார். பிறகு, "அப்பிடியா? நல்லதாப் போச்சு" என்றார்.

சாயங்காலம் கதவைத் திறந்தேன். துணி நனைந்திருந்தது, அவ்வளவுதான். "பசிச்சிச்சா?" என்று கேட்டேன். "இல்லட்டி. பசிக்கவே இல்ல" என்றார். எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். மூன்று வருடத்தில் முதல் தடவையாக விளக்கு ஏற்றிவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தேன். அவரும் நான் உட்கார்ந்திருக்கிறதைப் பார்த்துச் சிரித்தார். ராத்திரி ஒரு தட்டுச் சோறு போட்டேன். அதைச் சாப்பிட்டார். ஒரு பருக்கை மிச்சம் வைக்கவில்லை.

அந்த ராத்திரிச் சோறுதான் காலையில் வேலை வைத்தது. பொங்கல் கழிந்து அதையும் நிறுத்தினேன். காலையில் ஒரு டம்ளர், ராத்திரியில் ஒரு டம்ளர். மாசியில் நாயுருவிக் கதிர் காய்ந்து உதிர்ந்து கிடைப்பது குறைந்தது. ராத்திரி டம்ளரை விட்டுவிட்டேன். ஒவ்வொரு தடவையும் அவரிடம் கேட்டுத்தான் செய்தேன். "போதுமாங்க?" என்பேன். "போதும் வல்லி, நீ சாப்ட்டியா?" என்பார். நான் கம்பெனியிலேயே சாப்பிட்டுவிட்டு வந்துவிடுவேன். வீட்டில் மீன் பொரிப்பதை விட்டுவிட்டேன், தாளிப்பதுகூட இல்லை. பசியில்லாத மனிதருக்கு மீன் வாசம் என்ன செய்யும் என்று நீங்கள் கேட்கிறீர்கள். நியாயமான கேள்விதான். நான் அப்படி யோசிக்கவில்லை.

வீடு மணந்தது, ஐயா. உள்ளே வருகிறவர்கள் மூக்கைச் சுளிப்பது நின்றது. அடுத்த வீட்டு அன்னத்தாய், கோவிலுக்குப் போய்விட்டு வந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, நடுவீட்டில் நின்று, "படுத்த படுக்கைக்காரர் இருக்க வீடு மாதிரியா இருக்கு? நீ மகராசிட்டி" என்றாள். அவருக்கென்று ஒரு கிண்ணத்தில் கறிக்குழம்பு கொண்டு வந்திருந்தாள். நான் வாசலிலேயே வாங்கிக்கொண்டேன். "அவியளுக்கு வயித்துக்குச் சேராதுக்கா. கஞ்சிதான் குடுக்கச் சொல்லியிருக்காக" என்றேன். உள்ளே அவருக்குக் கேட்டிருக்கும். குழம்பை வீணாக்கவில்லை. பின்கட்டில் உட்கார்ந்து நான் சாப்பிட்டேன்.

மெலிந்தார். அதை நான் மறைக்கவில்லை. முன்பு அவரைப் புரட்ட முட்டியை ஊன்றி மல்லுக்கட்ட வேண்டும். மாசிக் கடைசியில் ஒரு கையைக் கழுத்துக்கும் ஒரு கையைத் தொடைக்கும் கொடுத்தால் போதும், எழும்பி வந்துவிடுவார். அவருக்கும் அது சௌகரியம்தானே என்று நினைத்தேன். பேச்சும் குறைந்தது. கிண்டல் நின்றது. பார்த்தால் சிரிப்பார், அது மட்டும் கடைசி வரை இருந்தது.

இனி நீங்கள் கேட்கப் போகிறது தலையணையைப் பற்றி. அவர் தங்கை வேலுத்தாய் சொல்லியிருப்பாள்.

இலவம்பஞ்சுத் தலையணை அது. மலிவில் வாங்கியது, பாதி கொட்டை. பங்குனி பிறந்து ஒருநாள் காலையில், ஈரத்துணியால் அவர் வாயைத் துடைத்தேன். துணியில் கறுப்பாகத் தோல் ஒட்டியது. மீசையில் பஞ்சு இழை. பல்லிடுக்கில் அரைத்த கொட்டை. தலையணையைத் திருப்பினேன். சுவர்ப்பக்கத் தையல் விரல் நுழைகிற அளவுக்குப் பிரிந்திருந்தது. பஞ்சுக்குள் கைவிட்டு ஒவ்வொரு கொட்டையாகத் துழாவி எடுத்திருக்கிறார். எத்தனை நாளாக என்று தெரியாது. அந்தப் பக்கம் முழுக்கத் தேடியும் எனக்கு ஒன்றுகூட அகப்படவில்லை.

அவர் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். நான் எதுவும் கேட்கவில்லை. கேட்டால் அவருக்கு வெட்கமாக இருக்கும். "எலி கடிச்சிருக்கு போல" என்றேன். "ஆமா, எலிதான்" என்றார்.

வேலைக்குப் போனேன். அன்றைக்குச் சுற்றிய துணியில் நாலு சுருளைப் பிரித்துத் திரும்பச் சுற்ற வேண்டிவந்தது, அதையும் எழுதிக்கொள்ளுங்கள். மத்தியானம் அரைநாள் லீவு சொல்லிவிட்டுப் பஸ் ஏறினேன். எங்கள் ஊரில் இறங்காமல் ஸ்ரீவில்லிபுத்தூருக்கே போனேன். போகிற வழியெல்லாம் இரண்டு யோசனை. பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு சாப்பாட்டுக் கடை இருக்கிறது. அதன் வாசலில் நின்றேன். ஒரு பொட்டலம் சாம்பார் சாதம் வாங்கிவிடலாம் என்று வாய் வரைக்கும் வந்தது. அதை அவர் சாப்பிடுவதும், மறுநாள் சாயங்காலம் நான் கதவைத் திறப்பதும் கண் முன்னால் வந்து நின்றன. அங்கிருந்து மெத்தைக் கடைக்குப் போனேன். "கொட்டை இல்லாத பஞ்சாப் பாத்துக் குடுங்க" என்றேன். கடைக்காரர் விலை கூடும் என்றார். பரவாயில்லை என்றேன்.

வீட்டுக்கு வந்து பழைய பஞ்சை எடுத்துக் குப்பையில் கொட்டி, புதிதை அடைத்து, இரட்டைத் தையல் போட்டேன். அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். தலையைத் தூக்கித் தலையணையை வைத்தேன். தலை ஒரு தேங்காய் கனம்கூட இல்லை. வெளிச்சம் மங்கிக்கொண்டு வந்தது, விளக்குப் போட எழுந்தேன். பின்னால் அவர் விரல் துணியில் உரசுகிற சத்தம் கேட்டது. இந்த மூலையிலிருந்து அந்த மூலை வரை அழுத்தி அழுத்திப் பார்த்தார்.

"ஒண்ணுமே இல்லியே வல்லி" என்றார்.

"நல்ல பஞ்சுங்க. மெத்துன்னு இருக்கும், ஒறங்குங்க" என்றேன்.

இரண்டு நாள் கிடந்தார். மூன்றாம் நாள் நான் வேலைக்குக் கிளம்புகிற நேரத்தில் போய்விட்டார். வ. புதுப்பட்டியிலிருந்து வேலுத்தாய் வந்தாள். குளிப்பாட்டுவதற்காக அண்ணனைத் தூக்கியவள் அப்படியே மடியில் போட்டுக்கொண்டு, "மதினி, எங்க அண்ணன எங்க? இது எங்க அண்ணன் இல்லையே" என்று கதறினாள். பிறகுதான் உங்கள் ஆட்கள் வந்தார்கள். குடலில் ஒன்றுமே இல்லை என்று டாக்டர் எழுதியிருக்கிறாராம். நாயுருவி பசியை அடக்கும் என்பதெல்லாம் வெறும் பேச்சு என்றும் சொன்னாராம். படித்தவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். நான்தான் செய்தேன், ஐயா. என் கையால் செய்தேன். வேறு யாருக்கும் இதில் பங்கில்லை. எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ போடுகிறேன்.

ஒன்று மட்டும் தவறாமல் எழுதிக்கொள்ளுங்கள். அவர் என்னிடம் ஒரு வாய் சோறு என்று கேட்கவே இல்லை. மூன்று மாதத்தில் ஒருநாள்கூட இல்லை. கேட்டிருந்தால் நான் போட்டிருக்க மாட்டேனா?