ரோஜாப்பூவும் முருகேசனும்

படப்பையிலிருந்து ஒரகடம் போகும் ஷேர் ஆட்டோவில் எனக்கு எதிரே இரண்டு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். பச்சைப் புடவை கட்டியவர் பக்கத்திலிருந்த மூத்தவரிடம் ஒன்று சொன்னார். அதற்குப் பிறகு நான் ஜன்னல் பக்கம் திரும்பவே இல்லை.

“அந்த ரோஜாப்பூ ஆம்பளக்கா.”

“இன்னாடி உளர்ற?”

“மாடி ரூமு காலியா கீதுன்னு ஃபேஸ்புக்ல போட்டேன் இல்ல? கம்பெனிக்குப் போற பொண்ணுங்களுக்கு மட்டும்னு. பிரியான்னு ஒண்ணு கேட்டுச்சு, ரோஜாப்பூ படம் வச்சிகினு. வரச் சொன்னா, மீசையோட வந்து நிக்கிறான்.”

“வேற யாரும் கேக்கலியா?”

“முருகேசன்னு ஒருத்தன் கேட்டான். பொண்ணுங்க ரூம்ல உனக்கு இன்னாடா வேலைன்னு திட்டி வுட்டேன். அப்பால போன்ல அழுவுது. பொண்ணாம்க்கா! திருநெல்வேலிலருந்து வேலைக்கு வந்திருக்குது. ஃபேஸ்புக்க தம்பி பேர்ல வச்சிகினு கீது.”

“அதையே கூப்புட வேண்டியதுதானே?”

“வேற ரூம் பாத்துடுச்சாம். மூணு மாசமா பூட்டியே கெடக்குது. பேசாம வாட்ஸ்அப்ல போட்டுடட்டா?”

“வாட்ஸ்அப்ல உனக்கு எந்தப் பொண்ணைத் தெரியும்?”

“அதுவும் சரிதான். அப்ப எதுலதான் போடறது? பொண்ணுன்னா பொண்ணு பேர்ல இருந்தா இன்னாவாம்?”

மூத்தவர் அவர் பக்கம் திரும்பினார்.

“நீ யார் பேர்ல போட்ட?”

“எம் புள்ள பேர்லதான். பைக்ல சாஞ்சிகினு நிப்பானே, அந்தப் படம். ஊரே பாக்குற எடத்துல எம் பேரையும் மூஞ்சியையும் போட முடியுமாக்கா?”